கதவுக்கு வெளியே எழுதிய தூக்கம்

அந்த வீட்டில் மதியம் இரண்டு மணிக்கு மேல் குக்கர் வைப்பதில்லை. அழைப்புமணியின் கம்பி ஏழு வருடமாகக் கழற்றி விடப்பட்டிருந்தது. கதவுக் கீல்களுக்கு மாதம் ஒருமுறை எண்ணெய் போட்டார்கள். நாற்காலிக் கால்களுக்குப் பழைய காலுறைகளை வெட்டித் தைத்த உறை மாட்டியிருந்தது. மாடிக்குப் புதிதாக யார் குடிவந்தாலும் முதல் வாரமே கேப்டனின் மனைவி மேலே ஏறிப்போய்ச் சொல்லிவிட்டு வருவாள்: "எங்க வீட்டுக்காரர் பைலட். ராத்திரி ஓட்டிட்டு பகல்ல தூங்குவார். கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க." யாரும் மறுத்ததில்லை. தூக்கக் கலக்கத்தில் ஒருவர் விமானம் ஓட்டுவதைக் கற்பனை செய்து பார்க்க யாருக்குத்தான் பிடிக்கும்?

இவ்வளவுக்கும் காரணம் ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு விடியற்காலை. அதற்கு முந்தைய பகலில் கேப்டன் தூங்கியது மொத்தமே இரண்டு மணி நேரம். மணியடித்த கூரியர்காரர் ஒருமுறை, பக்கத்து வீட்டில் சுவரைத் துளைத்த இயந்திரம் ஒருமுறை, அப்போது எட்டு வயதாயிருந்த மகளின் அழுகை ஒருமுறை என்று எழுந்தெழுந்து படுத்தார். இரவெல்லாம் ஓட்டிவிட்டு, ஓடுபாதையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது நான்காயிரம் அடி உயரத்தில் கண் செருகியது. பதினைந்து விநாடியோ இருபதோ. பக்கத்து இருக்கைத் துணை விமானி "சார்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லாததால் கட்டுப்பாட்டைத் தான் எடுத்துக்கொண்டார். விமானம் ஒழுங்காக இறங்கியது. நூற்று எழுபத்து நான்கு பேர் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

கேப்டன் நடந்ததை நடந்தபடியே நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார். வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் அழைப்புமணியை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "அப்ப அந்த நூத்தி எழுபத்தி நாலு பேரும் நம்ம வீட்டு காலிங்பெல்லுலதான் தொங்கிட்டு இருந்தாங்களா?" என்று கேட்டாள். மறுநாள் காலை நாற்காலி போட்டு ஏறி, தன் கையாலேயே திருப்புளியால் மணியின் கம்பியைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு நிறுவனம் அவரையே விமானிகளுக்குத் தூக்கத்தைப் பற்றி வகுப்பெடுக்க வைத்தது. விடியற்காலை மூன்றிலிருந்து ஆறு வரை உடம்பு யார் சொன்னாலும் கேட்காது, தூங்கி எழுந்த உடனே அரை மணி நேரம் மூளையை நம்பக்கூடாது என்றெல்லாம் சொல்லிக் கொடுப்பார். "காப்பி தூக்கத்தைத் துரத்தாது, வாசல்ல உக்கார வைக்கும், நீ இறங்கற நேரம் பாத்து உள்ள வரும்" என்பார். "தனக்கு எவ்வளவு தூக்கம்னு தூக்கம் வந்தவனுக்குக் கடைசியாத்தான் தெரியும்" என்பதைப் பலகையில் எழுதியே போடுவார். நிறுவனத்தில் அவருக்குத் தூக்க வாத்தியார் என்று பெயர்.

வகுப்பின் மிச்சம் வீட்டுக்கும் வந்தது. தலைவலியா, படு. சோர்வா, படு. பரீட்சைப் பயமா, ஒரு மணி நேரம் தூங்கிட்டு வந்து படி. தூக்கமே எல்லாவற்றுக்கும் மருந்தாக இருந்த வீடு அது.

நான்கு மாதத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்குக் கேப்டன் படுத்தார். இரவு பத்தரைக்கு வேலைக்குப் போகவேண்டும், அலாரம் எட்டரைக்கு. பள்ளி விடுமுறை என்பதால் மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஐம்பதுக்குச் சமையலறையில் அம்மாவின் கையிலிருந்து கண்ணாடித் தம்ளர் நழுவி உடைந்தது. இரண்டு பேரும் முதலில் பார்த்தது படுக்கையறைக் கதவைத்தான். கதவு திறக்கவில்லை.

"ஒண்ணுல்ல. கை மரத்துப் போச்சு" என்றாள் அம்மா. வார்த்தைகள் குழறின.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. "என்னம்மா, தண்ணி போட்ட மாதிரி பேசறே?"

அம்மாவும் சிரித்தாள். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "கொஞ்சம் படுக்கறேன். அப்பாவ எழுப்பிடாத. ராத்திரி பெரிய ஃப்ளைட்டு." அவள் முழுசாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது.

மகள் உடைந்த துண்டுகளைப் துடைப்பத்தால் தள்ளாமல், சத்தம் வருமென்று ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கினாள். ஐந்து மணிக்கு அம்மாவை எழுப்பிப் பார்த்தாள். கண் திறந்தது, பேச்சு வரவில்லை, ஒரு கை மட்டும் மேலெழுந்தது. படுக்கையறைக் கதவுக்குப் போய்க் கைப்பிடியில் கை வைத்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளென்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அம்மாவின் அண்ணனுக்கு இரண்டு முறை போன் போட்டாள். அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தார், எடுக்கவில்லை. அம்மாவுக்குப் போர்வை போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எட்டரைக்கு அலாரம் அடித்தது. ஏழு மணி நேரம் ஒரு தடவைகூட விழிக்காமல் தூங்கியிருந்தார் கேப்டன். பல மாதங்களில் அப்படி ஒரு தூக்கம் கிடைத்ததில்லை. சோம்பல் முறித்துக்கொண்டே கதவைத் திறந்தார்.

மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சது?"

"ரெண்டு அம்பது" என்றாள் மகள். நேரத்தைக் குறித்து வைப்பது அந்த வீட்டுப் பழக்கம்.

டாக்டர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது பத்து. "நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஸ்ட்ரோக்குக்கு ஒரு ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்" என்றார். திட்டும் குரலில்லை; படிவம் நிரப்பும் குரல். மகள் விரல்விட்டு எண்ணுவதைக் கேப்டன் பார்த்தார். ஏழு இருபது வரை எண்ணி நிறுத்தினாள்.

மறுநாள் வந்த மச்சினர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார்: "பக்கத்து ரூம்லயே இருந்திருக்கீங்களே மாப்ள." சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதார். அவர் போனில் அந்த இரண்டு தவறிய அழைப்புகளும் இருந்தன.

மனைவி பிழைத்தாள். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது: "அப்புறம்." பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், சன்னலை மூடச் சொன்னாலும் அப்புறம். புத்தி தெளிவாக இருந்தது. சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. கேப்டன் படுக்கையறைப் பக்கம் திரும்பினால் போதும், இடதுகை ஆள்காட்டி விரல் உதட்டுக்குப் போகும். அவளைக் கவனித்துக்கொள்ள வேலைக்கு வந்த அக்கா முதல் வாரமே சொன்னாள்: "இந்த வீட்ல கொசுகூட செருப்ப வெளிய கழட்டிட்டுதான் வருது." யாரும் சிரிக்காததைப் பார்த்து அதற்குப் பிறகு அவளும் மெல்லவே நடந்தாள்.

மூன்று மாத விடுப்பு முடிந்தது. திரும்பப் பறக்க நிறுவன மருத்துவர் சம்மதிக்க வேண்டும். அவர் வயதானவர், கறாரானவர். "உங்க ரத்தம், கண்ணு, இதயம் எல்லாம் நல்லாருக்கு. எனக்கு உங்க தூக்கம் வேணும்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். பதினான்கு நாள், பதினான்கு வரிசை. படுத்த நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம். "நீங்களே எழுதாதீங்க. வாத்தியார் தன் பேப்பரத் தானே திருத்தக்கூடாது. வீட்ல யாராவது பாத்து எழுதட்டும்."

மகள் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "நான் எழுதறேம்ப்பா. நீங்க தூங்கறத மட்டும் பாருங்க. நீங்க திரும்பப் பறந்துட்டாப் போதும், மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அந்த வீட்டில் உடையாமல் மிஞ்சியிருப்பது அப்பாவின் பறக்கும் வேலை ஒன்றுதான் என்று அவள் நினைத்ததாகக் கேப்டனுக்குத் தோன்றியது. அதையும் தன்னால் இழந்தார் என்றாகிவிடக் கூடாது என்று அவள் பயந்தாள்.

முதல் நாள் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. கூடத்தில் மனைவியின் மூச்சைக் காது தேடிக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் பொறுத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். கதவை ஒட்டித் தரையில் தலையணை போட்டு உட்கார்ந்திருந்த மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நானாப்பா? ஸ்பூன் சத்தம் கேட்டுச்சா?" அம்மாவுக்குக் கஞ்சி கொடுத்த கரண்டி அவள் கையில் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"சேச்சே. தண்ணி குடிக்க வந்தேன்."

திரும்பிப் போய்ப் படுத்தார். அன்றிலிருந்து அவர் எழுந்து வரவில்லை. கண்ணை மூடி, அசையாமல், ஒரே சீராக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தார். தூங்குகிறவன் மூச்சு எப்படி நீளும், எப்போது ஒருமுறை புரளவேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டியவருக்குத் தெரியாதா? அரை மணிக்கொருமுறை கதவு ஒரு விரல் அளவு திறக்கும். எண்ணெய் போட்ட கீல் முனகாது. வெளிச்சக் கோடு ஒன்று இமைமேல் விழும், போகும். அசதி தாங்காமல் இடையில் ஒரு மணி, ஒன்றரை மணி நினைவு தப்பும். அது தவிர மற்ற நேரமெல்லாம் விழித்தே இருந்தார். வெளியே தாளில் ஆறு மணி ஐம்பது நிமிடம், ஏழு மணி ஐந்து நிமிடம் என்று ஏறிக்கொண்டிருந்தது.

மருத்துவர் தாளைப் பார்த்து மகிழ்ந்துபோனார். "சராசரி ஆறே முக்காலா? எனக்கே இவ்வளவு இல்லையேய்யா. யாரு எழுதினது, பொண்ணா? நிமிஷக் கணக்கெல்லாம் போட்டிருக்கே."

அப்போதே சொல்லியிருக்கலாம். கேப்டன் சொல்லவில்லை. மகளுக்காக என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்த வீட்டை விட்டு முப்பதாயிரம் அடி மேலே போகவேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருந்தது. மருத்துவர் கையெழுத்துப் போட்டார்.

முதல் விமானம் விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு. முந்தைய நாள் மாலை ஆறரையிலிருந்து இரவு ஒன்றரை வரை கட்டிலில் கிடந்துவிட்டு, குளித்து, சீருடை மாட்டிக்கொண்டு நான்கு மணிக்கு விமான நிலையத்தில் இருந்தார். விமானிகள் கூடும் அறையில் குழல்விளக்கு வெள்ளையாக எரிந்தது. நீள மேசையில் வானிலைத் தாள்கள், எரிபொருள் கணக்கு, அச்சு இயந்திரத்தின் சூடு இன்னும் ஆறாத வரைபடம். அவற்றோடு ஒரு சின்னச் சீட்டு. ஒவ்வொரு விமானியும் தன் களைப்புக்கு எண் போடவேண்டும். ஒன்று என்றால் முழு விழிப்பு, ஏழு என்றால் நிற்கவே முடியாத அசதி. ஐந்துக்கு மேல் போட்டால் அன்றைக்குப் பறக்க முடியாது. அந்தச் சீட்டை நிறுவனத்தில் கொண்டுவரச் சொல்லிச் சண்டை போட்டவர் கேப்டன்தான். அவர் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

துணை விமானியாக வந்த இளைஞன் அவருடைய பழைய மாணவன். முதல் வகுப்பிலேயே வாய் பிளந்து மாட்டிக்கொண்டதால் கொட்டாவி என்று பெயர் வாங்கியவன். இந்த வருடம் அவனுக்குக் கல்யாணமாகியிருந்தது. பத்திரிகையில்கூட நண்பர்கள் அடைப்புக்குறிக்குள் அந்தப் பெயரைப் போடச் சொன்னார்களாம்.

"திரும்ப வந்தது சந்தோஷம் சார். மேடம் எப்படியிருக்காங்க?"

"இருக்கா. எரிபொருள் எவ்வளவு?"

"ஒம்பதாயிரத்து இருநூறு கிலோ சார்."

தாள்களைப் புரட்டினார்கள். வழியில் மேகம் இருந்தது, இறங்கும் இடத்தில் காற்று லேசு. கேப்டன் வானிலைத் தாளை மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். "எரிபொருள் எவ்வளவு சொன்னே?"

"ஒம்பதாயிரத்து இருநூறு."

காற்று லேசு என்பதை மறுபடி படித்தார். பேனாவை மூடினார், திறந்தார். "எரிபொருள்?"

இளைஞன் சிரித்தான். "என்ன சார், எனக்குப் பரீட்சையா?" அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. குரலைத் தாழ்த்தி, "சார், மூணாவது தடவை" என்றான்.

மேசைக்கு அந்தப் பக்கம் வேறு விமானத்து ஆட்கள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கேப்டன் களைப்புச் சீட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"என்னப் பாத்தா எவ்வளவு போடுவே?"

"நான் எப்படி சார்…"

"சொல்லுய்யா. நீதானே பக்கத்துல உக்காரப் போற?"

இளைஞன் தொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆறு சார். கோவிச்சுக்காதீங்க."

கேப்டன் இரண்டை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். பக்கத்தில் நேரம், நான்கு இருபத்திரண்டு. பணிப்பட்டியல் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கிருந்த பெண் பதறினாள். "என்ன கேப்டன் இது, டாக்டர் நேத்துதானே ஃபிட்னு அனுப்பினார்? ஸ்டாண்ட்பைல இருக்கிறவர் வந்து சேர ஒரு மணி நேரமாவது ஆகும். உடம்புக்கு முடியலையா?"

"தூக்கம். டாக்டருக்குப் போன தாள் தப்பும்மா."

"யார் பண்ண தப்பு கேப்டன்?"

"என் தப்பு."

அவர் வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி, வெளிச்சம் வந்திருந்தது. மகள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அம்மாவை முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்து, ஈரத்துணியால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் துணி அப்படியே நின்றது.

"ஃப்ளைட் கேன்சலா?"

"இல்ல. வேற கேப்டன் போறார்."

"ஏன்?"

அவர் தொப்பியை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் தூங்கல குட்டி."

"ஏழு மணி நேரம் தூங்கினீங்க. தாளக் குடுத்த பிறகும் நான் எழுதி வச்சிருக்கேன்."

"கண்ண மூடிட்டுப் படுத்திருந்தேன்."

"நேத்தா?"

"நேத்தும். அதுக்கு முன்னாடி பதினாலு நாளும்."

மகள் தாயைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "மூச்சு வந்துச்சே. சீரா வந்துச்சே. நான் கேட்டேனே."

"அப்படி விட எனக்குத் தெரியும்."

"நான் வெளியவே உக்காந்திருந்தேம்ப்பா."

"தெரியும். பேனாவ மூடினா டக்குனு சத்தம் வரும்னு மூடாமலே வச்சிருப்பே. கால் மரத்துப் போனா மெதுவா நீட்டுவே. எல்லாம் கேட்டுது."

"அப்ப ரெண்டு பேரும் கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சும்மா முழிச்சிட்டு இருந்தமா?"

"ஆமா."

அவள் வாய் சிரிக்கப் போவதுபோல் கோணியது. பிறகு வேறொன்று கேட்டாள். "அன்னிக்கும் முழிச்சிட்டுதான் இருந்தீங்களா?"

தம்ளர் உடைந்த நாளைக் கேட்கிறாள் என்று கேப்டனுக்குப் புரிந்தது. "இல்ல குட்டி. அன்னிக்கு நெஜமாவே தூங்கினேன். ஒண்ணும் தெரியாம தூங்கினேன்."

"நான் கதவத் தட்டியிருந்தா?"

நான்கு மாதமாக எல்லோரும் அவளுக்குச் சொல்லி வந்த பதில் ஒன்று உண்டு. மாமா சொன்னார், பள்ளியில் ஆசிரியை சொன்னார், கவனித்துக்கொள்ளும் அக்காவும் சொன்னாள்: உன்னால் என்ன செய்திருக்க முடியும், நடப்பது நடந்துதான் இருக்கும். அதே பதில் கேப்டனின் வாயிலும் வந்து நின்றது. அவள் அதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டதைப் பார்த்தார். அவள் அதை ஒருநாளும் நம்பியதில்லை என்று அந்த முகத்திலிருந்து தெரிந்தது.

"தட்டியிருந்தா அம்மாவுக்குக் கை வந்திருக்கலாம். பேச்சும் வந்திருக்கலாம். நிச்சயம்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா வந்திருக்கலாம்."

அவள் நிமிரவில்லை.

"உனக்குத் தட்டத் தோணாதபடி எட்டு வயசுலேர்ந்து வளத்தது நானும் உங்கம்மாவும். வீடு பத்தி எரிஞ்சாக்கூட எழுப்பலாமான்னு நின்னு யோசிக்கிற மாதிரி வளத்திருக்கோம். அதுவும் நெஜந்தான். ரெண்டையும் சேத்துதான் நீ வச்சிக்கணும். முதல்ல சொன்னத மட்டும் தனியா எடுத்துக்காதே."

மகள் அழுதாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கேப்டன் அவள் கையைப் பிடித்து இறக்கினார். அதற்குப் பிறகு வந்த அழுகை மாடிவரைக்கும் கேட்டிருக்கும். மனைவி "அப்புறம், அப்புறம்" என்று சொல்லிக்கொண்டே இடதுகையால் மகளின் சடையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். எழுப்பாதே என்று சொன்னது தான்தான் என்பது அவளுக்கு நினைவிருந்ததா என்று கேட்க வழியில்லை. அவள் கண்ணும் நனைந்திருந்தது.

பத்து மணிக்குக் கேப்டன் மருத்துவரைப் பார்க்கக் கிளம்பினார். மகள் பள்ளிக்குப் போகவில்லை. "கையெழுத்து என்னுது. நானும் வர்றேன்" என்று வந்து காரில் உட்கார்ந்தாள்.

மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. தான் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறும் படிவத்தை எடுத்து எழுதினார். எத்தனை மாதத்துக்கு என்ற இடத்தைக் காலியாக விட்டார். "இனிமே பறக்கவே முடியாமகூட போகலாம். புரியுதில்ல?" என்றார். கேப்டன் தலையாட்டினார்.

"சார், நான் பாத்தத அப்படியே எழுதினேன்" என்றாள் மகள். "பொய் எழுதல."

"தெரியும்மா." மருத்துவர் பதினான்கு வரிசைகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். பள்ளி இல்லாத நாட்களில் மதியம் மூன்று, மூன்றரை, நான்கு. வேறு நாட்களில் இரவு பதினொன்று, பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை, ஒன்று. அரை மணிக்கொரு குறிப்பு, ஒன்றுகூட விடுபடவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்வளவு நேரமும் நீ முழிச்சிருந்திருக்கியே. நீ எப்பம்மா தூங்கின?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். மருத்துவரும் அவரைத்தான் பார்த்தார். அவள் எப்போது தூங்கினாள் என்று கேப்டனுக்குத் தெரியவில்லை.